வெளிச்சம் எந்தப் பக்கம்

பெருங்குடியில் ஏழாம் மாடி.
எனக்கு ஒரு படம், மூன்று பொத்தான்:
குழி. மேடு. தெரியாது.
ஒரு ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம் படம்.
'தெரியாது' நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால்
எபனேசர் சார் நாற்காலியோடு உருண்டு வருவார்.

இந்த வாரம் நிலாவின் தென்கோடி.
யார் கேட்டார்கள், எதற்கு, சொல்வதில்லை.
சாம்பல் சதுரங்கள்.
சதுரத்துக்குள் வட்டங்கள்.
வட்டத்தின் தலை வெளுத்து, அடி கறுத்து.
மேடு, மேடு, மேடு என்று தட்டிக்கொண்டே
மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டேன்.

கை கழுவித் திரும்பிய தௌலத்
என் திரைக்கு முன் நின்று
கழுத்தைத் தோளில் சாய்த்துப் பார்த்தாள்.
"எல்லாத்தையும் ஏன்டி மேடுன்னு போட்டிருக்க?"
"மேடுதானே?"
ஈர விரலால் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்.

இட்லித் தட்டைப் புரட்டியதுபோல
இருநூற்றுப் பதினான்கு மேடுகளும்
உள்ளே போய்விட்டன.

படத்தில் வெயில் கீழிருந்து வந்திருக்கிறது.
கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?
பிறந்ததிலிருந்து உச்சந்தலையில் வெயில் வாங்கிய கண்,
சைதாப்பேட்டைப் பாலத்தில்,
கிண்டி ரயில்நிலையப் படியில்.
வெளிச்சம் என்றால் மேலே என்று
யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டது.

அன்றிலிருந்து படத்துக்கு முன் சூரியனைத் தேடுகிறேன்.

பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய பைனாகுலர்,
ஒரு கண்ணாடியில் மட்டும் லேசாகப் பூஞ்சை.
ஜாபர்கான்பேட்டை மொட்டை மாடி,
சின்டெக்ஸ் தொட்டியில் முழங்கையை ஊன்றினால் நடுங்காது.
பௌர்ணமியன்று ஏறிப் பார்த்தேன்: துடைத்து வைத்த தட்டு.
நேர் வெயில், நிழலே இல்லை,
நிழல் இல்லாத இடத்தில் ஆழமும் இல்லை.
நல்ல காரியத்துக்கு ஆகாத அஷ்டமியில்தான்
பாதி நிலாவின் ஓரத்தில்,
பகலும் இரவும் இடித்துக்கொள்ளும் அந்தக் கோட்டில்,
ஒவ்வொரு பள்ளமும் தன் கணக்கைக் காட்டியது.
ஒரு மலையுச்சி மட்டும் இருட்டுக்குள் தனியாக
அணையாத பீடிபோல.

போன மாதம் செவ்வாய் கொடுத்தார்கள்.
வறண்ட தடங்கள். பொத்தான்கள் வேறு:
நீர். காற்று. குழம்பு.
அதில் மட்டும் நான் தப்பவில்லை.
தண்ணீர் போன பிறகு எப்படி இருக்கும் என்று
எங்கள் சுவரைப் பார்த்து வளர்ந்தவள்.
பெரிய மணல் கீழே தங்கும், சேறு மேலே படியும்,
வளைவின் வெளிக்கரையை அரிக்கும்,
உள்கரையில் கொண்டுவந்து கொட்டும்.
ஆறு எதையும் சமமாகச் செய்யாது.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர்.
பக்கத்து வீட்டுக் கூடத்தில் கழுத்தளவு.
வீட்டுக்காரர் மூன்று முறை பெயிண்ட் அடித்துவிட்டார்,
கடைசியாக எலுமிச்சை மஞ்சள்.
வாடகைக்கு வருகிறவர்களுக்கு
நண்பகலில்தான் காட்டுவார்.
"தண்ணியா? இந்தத் தெருவுலயே வந்ததில்ல."
சுவர் மழமழவென்று இருக்கும், பௌர்ணமிபோல.

ஞாயிறு ஒரு ஜோடி வந்தது.
அவளுக்கு ஏழாம் மாதம்.
கேட் அருகே செருப்பு மாட்டுகையில் சொன்னேன்:
"சாயந்திரம் அஞ்சரைக்கு வந்து பாருங்க.
கூடத்து ஜன்னல் திறந்திருக்கணும்."

வந்தார்கள்.
மேற்கு வெயில் சுவரோடு சுவராகத் தவழ்ந்து போனது.
உப்பு பூத்த ஒரு தடிப்பு,
நூல் அகலம்,
மூலையிலிருந்து மூலைக்கு நேராக.
அவள் பக்கத்தில் போய் நின்றாள்.
கோடு அவள் காதணிக்குக் கொஞ்சம் கீழே.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வைக்கு
எந்தப் பொத்தானும் இல்லை.

ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.
வாடகை ஆயிரத்தைந்நூறு குறைந்தது.
பால் காய்ச்சிய அன்று எட்டிப் பார்த்தேன்:
அரிசி மூட்டையும் ஆதார் கார்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும்
பரண் மேல்.